தோட்டத்து ஊரில் பல நாட்டுக் கலைஞர்களோடு புது நாடகம் உருவாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களுக்கு நாடகம் புதிதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாயை விரித்து உட்கார்ந்து விடிய விடிய நாடகம் பார்த்தவர்கள் இன்றும் இங்கே தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் ஜப்பான், தாய்லாந்து, தமிழ்நாடு என்று வெவ்வேறு நாடுகளிலிருந்து நாடகக்காரர்கள் வந்து, உள்ளூர்க் குழுவோடு சேர்ந்து, இங்கேயே தங்கி ஒரு புது நாடகத்தை முதல் வரியிலிருந்து உருவாக்குவது வேறு வேலை. அதற்குக் கலை ஆர்வம் மட்டும் போதாது. அனுமதி, வரி, ஒப்பந்தம், மொழிபெயர்ப்பு, சமையல், மழை என எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு முயற்சியை ஊரில் இருந்துகொண்டு நடத்தப்போகும் உள்ளூர்க் குழுவுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இது பயன்படும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மக்கள் கதையைக் கொடுப்பார்கள், தீர்மானங்களை எல்லாம் வந்தவர்கள் எடுப்பார்கள் என்ற ஏற்பாடு நியாயமானது இல்லை. அதிலிருந்து நல்ல நாடகமும் வராது. தீர்மானிக்கும் உரிமையை ஊரிலேயே எப்படி வைத்துக்கொள்வது என்பதை மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

முதல் பேச்சிலிருந்து முதல் மேடையேற்றம் வரை ஓர் ஆண்டு ஒதுக்குங்கள். அதைவிடக் குறைந்தால் அனுமதிக்கும் நிதிக்கும் அலைவதிலேயே காலம் போய்விடும்.

படி 1: எல்லோருக்கும் பங்குள்ள ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"வாங்க, சேர்ந்து ஏதாவது செய்யலாம்" என்று தொடங்கும் கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு ஆட்டம் என்று கலைநிகழ்ச்சியாக முடிந்துவிடுகின்றன. வருகிற ஒவ்வொருவருக்கும் "இது என்னையும் தொடுகிறது" என்று சொல்ல வைக்கும் ஒரு கேள்வி வேண்டும். அது ஊரிலிருந்து எழ வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குக் குறைவே இல்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்குவதற்காக, இந்த ஊரைச் சேர்ந்த, அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா நாணயம்) சேர்த்துப் பங்கு வாங்கிய தொழிலாளர்களின் நம்பிக்கை இன்னொரு கேள்வி. கித்தாக் (ரப்பர்) காடுகள் செம்பனையாக (எண்ணெய்ப் பனை) மாறி, நம் குடும்பங்கள் வெளியேறிய தோட்டங்களில் இன்று பங்களாதேஷ், நேப்பாள், இந்தோனேசியத் தொழிலாளர்கள் வாழ்கிறார்களே, அவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது மூன்றாவது. இது சங்கடமான கேள்வி. அதனாலேயே நல்ல கேள்வி.

இந்த வழிகாட்டி முழுவதும் நான் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளப்போவது சயாம் பர்மா மரண ரயில்பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். ஜப்பானிய ராணுவம் 1942இல் வேலையைத் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிப் போகப்பட்ட தமிழர்கள் அங்கே காலராவிலும் பசியிலும் அடி உதையிலும் செத்தார்கள். காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூடக் கிடையாது. இந்தக் கேள்வியில் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் பங்கு உண்டு. கடல் தாண்டிப் போனவரைப் பற்றிச் செய்தியே வராமல் காத்திருந்த தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் உண்டு. யாரும் விருந்தாளியாக நிற்க வேண்டியதில்லை.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "மரண ரயிலைப் பற்றி" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. "திரும்பி வராதவருக்குக் கருமாதி செய்யாத வீட்டில் அடுத்த தலைமுறை எதைச் சுமக்கிறது?" என்று எழுதினால் நாடகத்துக்குள் போகலாம்.

படி 2: முன்னால் செய்தவர்களைப் படியுங்கள்

இது நீளமான படி இல்லை, ஆனால் தாண்டிப் போகக் கூடாதது. மூன்று முயற்சிகளையாவது குழு முழுவதும் சேர்ந்து பேசுங்கள்.

சிங்கப்பூரில் குவோ பாவ் குன் 1988இல் உருவாக்கிய "மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்" என்ற நாடகத்தில் மாண்டரின், சீன வட்டார மொழிகள், ஆங்கிலம், மலாய், தமிழ் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. ஹொக்கியன் பேசும் வயதான அம்மாவும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் தங்கள் பூனைகளைப் பற்றி அவரவர் மொழியிலேயே பேசிப் புரிந்துகொள்ளும் காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. நடிகர்களோடு சேர்ந்து பயிற்சியில் உருவாக்கப்பட்ட நாடகம் அது.

1997இல் ஓங் கெங் சென் இயக்கிய "லியர்" வேறு வழியில் போனது. ஜப்பான் அறநிறுவனத்தின் (ஜப்பான் ஃபவுண்டேஷன்) ஆதரவு, கிஷிதா ரியோவின் எழுத்து, பல ஆசிய நாடுகளின் நடிகர்கள். ஜப்பானின் மரபு நாடகமான "நோ"வின் கலைஞர் நோ முறையிலும், பீக்கிங் ஓப்பராக்காரர் அந்த முறையிலும், அவரவர் மொழியிலேயே நடித்தார்கள். பெரிய நிதி, பெரிய மேடை. நம்மிடம் இரண்டும் இல்லை. ஆனால் "எல்லோரும் ஒரே பாணிக்கு வர வேண்டியதில்லை" என்ற துணிச்சலை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பீட்டர் புரூக் 1985இல் அவின்யோன் விழாவில் மேடையேற்றிய ஒன்பது மணி நேர மகாபாரதம். பல நாட்டு நடிகர்கள், உலகப் புகழ். கூடவே ருஸ்தம் பருச்சா போன்ற இந்திய விமர்சகர்களின் கடுமையான எதிர்ப்பும் வந்தது. ஒரு பண்பாட்டின் பொருளை அதன் மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்துப் போவதைப் பற்றிய எதிர்ப்பு அது. வெளிநாட்டு இயக்குநர் உங்கள் ஊருக்குள் கால் வைக்கும் முன் அவரோடு பேச வேண்டிய விஷயம் இதுதான்.

படி 3: ஒப்பந்தம், அதுவும் தமிழில்

பழகிய பிறகு பணம், உரிமை பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும். அதனால் பழகுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

முதலில், எழுத்தின் உரிமை. பயிற்சியில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த காட்சியை யார் எழுதியது என்று சொல்வது? கூட்டுப் படைப்பு என்று முடிவு செய்தால், ஒருவர் நினைத்தால் மட்டும் வேறு நாட்டில் மேடையேற்ற முடியாது. எல்லோர் சம்மதமும் வேண்டும். அது பாதுகாப்பும்தான், தலைவலியும்தான். ஒருவரை நாடகாசிரியர் என்று வைத்து, மற்றவர்களுக்கு "உருவாக்கத்தில் பங்கு" என்று பெயரும் வருமானத்தில் ஒரு விழுக்காடும் கொடுப்பது இன்னொரு வழி. சிறிய குழுக்களுக்கு இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். பதிப்புரிமைக் காலமும் நாட்டுக்கு நாடு மாறும்: மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள், இந்தியாவில் 60, ஜப்பானில் 70. ஆகவே உரிமை பற்றிய வரியில் "பேரப்பிள்ளைகள் காலத்தில் யாரைக் கேட்பது" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது, கதை சொன்னவர்களின் உரிமை. சட்டம் இதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அதனால் நாம்தான் கவனிக்க வேண்டும். தன் அப்பா ரயில்பாதைக்குப் போன கதையைச் சொல்லும் ஒரு பாட்டி, நாடகப் பிரதிக்கு ஆசிரியர் ஆகமாட்டார். ஆனால் அவர் வாழ்க்கைதான் மேடைக்கு வருகிறது. ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு சம்மதக் கடிதம் தயார் செய்யுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: எதைப் பதிவு செய்கிறோம், எங்கே பயன்படுத்துவோம், பெயர் போடலாமா வேண்டாமா, எந்தத் தேதி வரை "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று சொல்லலாம். முதல் முன்னோட்டம் முடிந்து ஒரு வாரம் வரை அந்த உரிமை இருக்கட்டும். ஏனென்றால் தன் கதையை மேடையில் பார்த்த பிறகுதான் ஒருவருக்கு அது எப்படி இருக்கிறது என்று தெரியும். படிக்கத் தெரியாதவருக்கு மகளோ பேரனோ பக்கத்தில் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, தீர்மானிக்கும் முறை. கலை சார்ந்த இறுதிச் சொல் இயக்குநருக்கு என்றால் சரி, அதை எழுதுங்கள். ஆனால் இந்த ஊரைச் சேர்ந்தவர்களின் வாழ்க்கை, சாமி, சாவு ஆகியவற்றைக் காட்டும் காட்சிகளில் உள்ளூர்க் குழுவுக்கு மறுக்கும் உரிமை உண்டு என்றும் எழுதுங்கள். வருகிறவர் நல்லவராக இருந்தால் இந்த வரியைக் கண்டு கோபப்படமாட்டார், நிம்மதி அடைவார்.

படி 4: பணமும் வரியும்

நிதிக்கு வழிகள் உண்டு. மலேசியாவில் கலைத் துறைக்காக 2017இல் தொடங்கப்பட்ட செண்டானா அவ்வப்போது நிதியுதவித் திட்டங்களை அறிவிக்கிறது. ஜப்பான் அறநிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் அலுவலகம் இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். உள்ளூரில் கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் ஆகியவை பணமாகத் தராவிட்டாலும் மண்டபம், பந்தல், சமையல் பாத்திரம் தருவார்கள். அதையும் வரவாகவே கணக்கில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஊரின் பங்கு தெரியும்.

சம்பளத்தில் ஒரு விஷயம். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு அவர் நாட்டு விலைவாசிப்படியும் உள்ளூர் நடிகருக்கு "ஏதோ செலவுக்கு" என்றும் கொடுக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை ஏற்காதீர்கள். ஒரே வாரத்துக்கு ஒரே சம்பளம், எல்லோருக்கும் ரிங்கிட்டில். விமானச் சீட்டும் தங்குமிடமும் தனிக் கணக்கு. சமைக்கும் அக்காவுக்கும், வேன் ஓட்டும் அண்ணனுக்கும், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கதை சொல்ல வந்தவருக்கும் பட்ஜெட்டில் தனி வரி இருக்க வேண்டும்.

வரியை மறந்துவிட்டால் கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். மலேசியாவில் வசிக்காத கலைஞர் இங்கே மேடையில் நடிப்பதற்குக் கொடுக்கும் மொத்தத் தொகையில் 15 விழுக்காட்டைப் பிடித்து உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் கட்ட வேண்டியது பணம் கொடுப்பவரின் பொறுப்பு. அதைக் கட்டிய பிறகுதான் குடிநுழைவுத் துறையின் அனுமதி கைக்கு வரும். இயக்குநர், ஒலி அமைப்பாளர் போன்று மேடையில் தோன்றாதவர்களுக்கு விதி வேறு. ஒரு கணக்காளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து இதை முடியுங்கள். அதோடு "உங்களுக்கு 5,000 ரிங்கிட்" என்று வெளிநாட்டு நண்பரிடம் சொல்லும்போது, வரிக்கு முன்பா பின்பா என்பதையும் சொல்லுங்கள்.

படி 5: அனுமதிகள்

"சுற்றுலாப் பயணியாக வந்து நடித்துவிட்டுப் போகட்டும், யார் கேட்கப்போகிறார்கள்?" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டால் பாதிக்கப்படுவது உங்களை நம்பி வந்தவர்.

வெளிநாட்டுக் கலைஞர் மலேசியாவில் பொது மேடையில் நடிக்க, புஸ்பால் எனப்படும் மத்திய முகமையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். திரைப்படப் படப்பிடிப்புக்கும் வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கும் அதுதான் வாசல். விண்ணப்பிப்பது இங்கே பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். உங்கள் குழு வெறும் நண்பர் வட்டம் என்றால், தகுதியுள்ள ஒரு நிறுவனத்தை முதல் மாதத்திலேயே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கிடைத்த பிறகு குடிநுழைவுத் துறை துறைசார் வருகைப் பாஸ் கொடுக்கும். நிபந்தனைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய குழு வைத்திருந்த பாரத்தை நகலெடுக்காமல் நடப்பு வழிகாட்டியை இணையத்தில் பார்த்து நிரப்புங்கள்.

உள்ளூரில் நிகழ்ச்சி உரிமம் நகராண்மைக் கழகத்திடம். சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம். பள்ளி மண்டபம் என்றால் தலைமையாசிரியர் சம்மதித்தாலும் மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் நாடகத்தின் சுருக்கம் மலாயில் தேவைப்படும். இனம், மதம், அரசர்கள் ஆகிய மூன்றையும் தொடும் வரிகளை அதிகாரிகள் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். நாடகத்தின் நோக்கத்தை மறைக்காமல், நிதானமான மலாயில் எழுதக்கூடிய ஒருவர் குழுவில் இருப்பது பெரிய பலம். நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பிரதி முழுவதும் முடிந்திருக்காது. ஆனால் காட்சி வரிசையும் பேச்சின் போக்கும் தெரியும் அளவுக்காவது கையில் இருக்க வேண்டும்.

படி 6: வருவதற்கு முந்திய மாதங்கள்

இணையத்தில் சந்திப்பது எளிது. மலேசியாவில் இரவு எட்டு மணி என்றால் தோக்கியோவில் ஒன்பது, பாங்காக்கில் ஏழு, சென்னையில் ஐந்தரை. வாரம் ஒரு மணி நேரம் போதும்.

இந்தச் சந்திப்புகளில் பிரதி எழுதாதீர்கள். பொருள்களைக் காட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் கித்தா மரம் வெட்டும் உளியையும் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையையும் காட்டட்டும். இன்னொருவர் தன் தாத்தாவின் ராணுவப் புகைப்படத்தைக் காட்டட்டும். மற்றவர் ரயில்பாதை ஓரத்துச் சந்தையின் ஒலியைப் பதிவு செய்து அனுப்பட்டும். ஒவ்வொருவரும் தாலாட்டோ ஒப்பாரியோ ஒன்றைப் பாடிப் பகிரச் சொல்லுங்கள். மேடையில் கடைசிவரை நிற்கப்போகும் பல விஷயங்கள் இந்த மாதங்களில்தான் கிடைக்கும்.

படி 7: முதல் வாரம், ஒத்திகை கிடையாது

வந்து இறங்கியவர்களை நேராக மண்டபத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஈப்போவில் ஓட்டல் போடாமல், ஊருக்குள் வாடகை வீடோ குடும்பங்களின் காலி அறைகளோ பாருங்கள். காலையில் கடையில் உட்கார்ந்து பசியாறும்போது காதில் விழுவது எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைக்காது. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பாட்டி, தாத்தா, அண்ணே, அக்கா என்று அழைக்கச் சொல்லிக் கொடுங்கள். ஜப்பானியர் ஒருவர் "பாட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் திண்ணையில் இடம் கிடைத்துவிடும்.

ஊரின் நேரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்பிய காலம் ஒன்று. இப்போது பாதிப் பேர் தொழிற்சாலை ஷிஃப்டில் இருக்கிறார்கள். வயதானவர்களைச் சந்திக்கச் சரியான நேரம் மாலைத் தேநீருக்குக் கொஞ்சம் முன்பு. இரவில் தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது போகாதீர்கள்.

கதை கேட்கும் முறைதான் இந்த வாரத்தின் உயிர். ஒரு வீட்டுக்கு மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். ஒருவர் ஊர்க்காரர், அவர்தான் பேச வேண்டும். ஒருவர் வெளிநாட்டுக்காரர், அவர் கேட்க மட்டும். மூன்றாமவர் பதிவு செய்ய. முதல் சந்திப்பில் பதிவுக் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம். "உங்கள் அப்பா எப்படிச் செத்தார்?" என்று கேட்காதீர்கள். "அவர் போன அன்று வீட்டில் யார் யார் இருந்தீங்க?", "அப்புறம் சோத்துக்கு என்ன செய்தீங்க?" என்று சுற்றியிருப்பதைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்ததைச் சொல்லத் தொடங்கியவர், தானாகவே ரயில்பாதைக்கு வருவார். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அன்று ரயில்பாதைக்குப் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் அரிது. பிள்ளைகளே எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் கேட்டு வளர்ந்த கதை. அதை வரலாற்று ஆவணமாக நினைத்துத் தேதி சரிபார்க்கத் தேவையில்லை. மேடையில் "நடந்தது" என்று நிற்கும் விவரங்களை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். நினைவையும் தகவலையும் வேறு வேறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

ஜப்பானியக் கலைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் அவரைப் பார்த்ததும் முகம் மாறும். அவரை ஒளித்து வைக்கவும் கூடாது, எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்கும் பாத்திரத்தை அவர் தலையில் கட்டவும் கூடாது. எந்த வீட்டுக்கு அவர் வரலாம் என்பதை அந்த வீட்டார் முடிவு செய்யட்டும். முன்னாலேயே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

படி 8: ஒத்திகை அறை, மொழி, பாணி

ஐந்து வாரம் இருந்தால் நல்லது. நான்குக்குக் கீழே இறங்காதீர்கள், ஏனென்றால் மொழிபெயர்ப்பு நேரத்தைத் தின்னும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு நாடகம் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் மற்றவர்களைப் போலவே சம்பளம், நிகழ்ச்சி இதழில் பெயர். நடிகர் ஒருவரையே மொழிபெயர்க்கவும் வைத்தால் இரண்டு வாரத்தில் களைத்துப் போவார்.

அறையின் பொதுமொழி தானாகவே ஆங்கிலமாக மாறிவிடும். அப்போது ஆங்கிலம் சரளமாக வராத உள்ளூர் நடிகர்கள் மெல்ல மெல்ல வாய் மூடிவிடுவார்கள். ஊரின் குரலே அடங்கிப்போகிற இடம் இதுதான். ஒரு வழி சொல்கிறேன்: நாளின் முதல் மணி நேரம் தமிழில் மட்டும் நடக்கட்டும். தமிழ் தெரியாதவர்கள் பார்த்தும் உடலால் பின்பற்றியும் கற்றுக்கொள்ளட்டும். இன்னொரு நாள் அந்த மணி நேரத்தைத் தாய்லாந்து மொழி பேசுகிறவருக்குக் கொடுங்கள். புரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை எல்லோரும் முறைவைத்து உணர்ந்துவிட்டால் அறையின் பொறுமை கூடும்.

தமிழுக்குள்ளேயும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டு நடிகர் தோட்டத்துக் கிராணியாகவோ (எழுத்தர்) மண்டோராகவோ (மேற்பார்வையாளர்) நடிக்கும்போது, பிரதியில் இருக்கிற தோட்டத்துப் பேச்சைத் தன் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிவிடக் கூடாது. உள்ளூர் முதியவர் ஒருவர் அந்த வசனங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கட்டும், அதைக் கேட்டுப் பழகட்டும். அதே நடிகர் தமிழ்நாட்டில் காத்திருக்கும் தம்பியாக நடிக்கும் காட்சியில் அவர் சொந்தப் பேச்சே இருக்கட்டும். பார்வையாளர்கள் காதாலேயே கடலின் இரு கரைகளையும் உணர்ந்துகொள்வார்கள்.

ஒவ்வொரு காட்சிக்கும் எந்த மொழி, ஏன் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். ராணுவ அதிகாரி பேசும் ஜப்பானிய மொழிக்கு மேல்திரையில் மொழிபெயர்ப்பு போட வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். அன்று தொழிலாளிக்கும் அது புரியவில்லை, அடிதான் புரிந்தது. ஆனால் காஞ்சனாபுரியில் கஞ்சி கொடுத்த தாய்லாந்துப் பெண்ணின் பேச்சுக்கு மொழிபெயர்ப்பு போடலாம். மேல்திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் காட்டாதீர்கள். தமிழ் எழுத்து பின் வரிசைக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். திரையை மாற்றுகிறவர் கடைசி இரண்டு வார ஒத்திகையில் தினமும் உட்கார வேண்டும்.

பாணிகளைப் பற்றி. தெருக்கூத்தின் அடவு, தாய்லாந்து நாட்டுப்புற நாடகமான லிக்கேயின் பாட்டு, நோவின் நடை, உறுமி மேளம் எல்லாவற்றையும் போட்டுக் கதம்பமாக்கும் ஆசை வரும். வேண்டாம். கேள்வி எந்தப் பாணியைக் கேட்கிறது என்று பாருங்கள். நோ நாடகங்களில் இறந்தவரின் ஆவி வந்து தன் கதையைச் சொல்லி வேண்டுதல் கேட்பது வழக்கமான அமைப்பு. நம் வீடுகளில் செத்தவர் வேறொருவர் மேல் இறங்கிப் பேசுவதும் வழக்கம். கருமாதி நடக்காத வீட்டைப் பற்றிய நாடகத்தில் இந்த இரண்டும் சந்திக்கக் காரணம் இருக்கிறது. அப்படிக் காரணம் உள்ள இடத்தில் மட்டும் கலக்கட்டும்.

சாமி அழைப்பு, உடுக்கை, உறுமி ஆகியவற்றை மேடைக்குக் கொண்டுவரும் முன் கோயில் பெரியவர்களைக் கேளுங்கள். எந்தத் தாளத்தை மேடையில் வாசிக்கலாம், எதை வாசித்தால் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் "அது வேணாம்ப்பா" என்று சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஊருக்கு முதல் முன்னோட்டம்

மூன்றாம் வாரக் கடைசியில், பாதி முடிந்த நிலையிலேயே, கதை கொடுத்த குடும்பங்களை அழைத்துக் காட்டுங்கள். உடையோ விளக்கோ தேவையில்லை. முடிந்ததும் சாப்பாடு. பிறகு பேச்சு. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. "எந்த இடத்தில் இது எங்க வீட்டில் நடக்காது என்று தோன்றியது?", "எதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்?", "எதை வெளியூரில் காட்டக் கூடாது?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் இயக்குநரைக் கட்டுப்படுத்தும். படி 3இல் எழுதிய மறுக்கும் உரிமை இங்கேதான் வேலை செய்யும். ஒரு நல்ல காட்சி வெட்டுப்படலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத் தெரிந்த குழுவுக்குத்தான் அடுத்த கதை கிடைக்கும்.

படி 10: மேடையேற்றம்

தேதி குறிக்கும்போது தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடி மாதத் திருவிழாக்கள், நோன்பு மாதம், பள்ளித் தேர்வுகள் எல்லாவற்றையும் நாள்காட்டியில் வையுங்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை அதிகம். தகரக் கூரை போட்ட மண்டபத்தில் அந்த மழையில் எந்த வசனமும் கேட்காது. வேறு மாதம் கிடைக்காவிட்டால், மழை வந்தால் எந்தக் காட்சியை மேளத்தோடும் உடல் அசைவோடும் நகர்த்துவது என்று ஒத்திகையிலேயே ஒரு மாற்றுவழி வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சி இரவு எட்டரைக்கு, ஒன்றரை மணி நேரத்துக்குள். முதியவர்களைக் கூட்டிவர வேன், முன் வரிசையில் சாயும் நாற்காலி, பக்கத்தில் கழிப்பறை. உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவு இலவசம். ஒரு காட்சி நாளையாவது தோட்டத்தில் இப்போது வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஒதுக்கிக் கூப்பிடுங்கள். கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்களின் கதை அவர்களுக்கும் அந்நியமாக இராது.

சுங்கை சிப்புட்டில் ரயில் நிலையம் இருப்பதால் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர்ப் பார்வையாளர்கள் ரயிலிலேயே வரலாம். விளம்பரத்தில் ரயில் நேரத்தைப் போடுங்கள். இப்படிப்பட்ட நாடகத்தைப் பார்க்க நகரத்தார் ஊருக்கு வரட்டும். நகர மேடை பிறகு.

படி 11: எல்லோரும் கிளம்பிய பிறகு

வெளிநாட்டு மேடைகளுக்கு நாடகம் போகும்போது உள்ளூர் நடிகர்களின் கடப்பிதழ், வேலை விடுப்பு, குடும்பப் பொறுப்பு மூன்றையும் ஆறு மாதம் முன்பே பாருங்கள். "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லி அவர்கள் இடத்தில் நகரத்து நடிகர்களைப் போட்டுக்கொண்டு போவதை ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடுங்கள்.

கணக்கை ஒரு தாளில் எழுதி, பள்ளி மண்டபத்திலோ கோயில் அறிவிப்புப் பலகையிலோ ஒட்டுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஊருக்குத் தெரியட்டும். பதிவு செய்த ஒவ்வொரு பேச்சையும் ஒரு பென்டிரைவில் போட்டு அந்தந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். கணினி இல்லாத வீட்டுக்குப் பேரப்பிள்ளையின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்து, ஒருமுறை ஓடவிட்டுக் காட்டுங்கள். தமிழ்ப் பிரதியின் அச்சுப் படி ஒன்று பள்ளி நூலகத்துக்கு. நாடகம் வேறு நாட்டில் போடப்படும்போதெல்லாம் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று கதை கொடுத்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல ஒருவரை இப்போதே நியமித்து, அவர் பெயரை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.